ஸ்ரீரங்கம் தீவின் நன்செய்: புல எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா?



முக்கொம்பில் தொடங்கிக் கல்லணையை எட்டும்வரை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில், வாழையும் நெல்லும் விளைந்த நன்செய் நிலங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனைகளாகி வருவதை, நகரம் வளர்ந்தால் நேரும் இயல்பான மாற்றம் என்று அரசு அலுவலகங்கள் எடுத்துக்கொள்வது கண்டனத்துக்குரியது. விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் முடித்துக்கொள்ளும் வணிகமாக இதைக் கருத முடியாது. ஒரு நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டம் அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த அதிகாரம் கையாளப்படும் முறையில்தான் குறை இருக்கிறது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, முழுமைத் திட்டம் என்ற ஏற்பாட்டை வகுத்தது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது வேளாண்மைக்கு என்பதை வரைபடத்தோடும் விதிகளோடும் முன்கூட்டியே அறிவிப்பதே முழுமைத் திட்டம். அதில் வேளாண்மைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை மனையாக்க வேண்டுமானால் நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியே அனுமதி பெற வேண்டும். திட்டம் எட்டாத ஊர்ப்புறங்களுக்கு அச்சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். அங்கே நிலம் நன்செய்யாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, அதே ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அரசு வழி செய்தது. மனை வாங்கிவிட்டுத் தவித்த ஏழை எளியோருக்கு அது ஆறுதல் அளித்தது உண்மை; ஆயினும் முதலில் கல் நட்டுவிட்டால் அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கும் அதுவே இடம் கொடுத்தது.

ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் அனுமதி கோரும் விண்ணப்பம் ஒரு புல எண்ணைக் குறித்து வருகிறது, ஆய்வும் அந்தப் புல எண்ணின் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. நன்செய் என்பதோ தனித்து நிற்கும் நிலமன்று. மேல்மடையும் கீழ்மடையும் ஒரே வாய்க்காலால் கட்டுண்டு கிடப்பவை. சாலையை ஒட்டிய மேல்மடை வயல் ஒன்று மனைப்பிரிவாகும்போது, முதலில் கிராவல் கொட்டி வரப்பைவிட உயரமாக நிலம் மேடாக்கப்படுகிறது. குறுக்கே ஓடிய கன்னி வாய்க்கால் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் அடைபடுகிறது. குழாயின் வாயில் வாழைச் சருகும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அடைத்துக்கொண்ட பின் முறைத் தண்ணீர் கீழ்மடைக்கு ஏறுவதில்லை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயலில் தேங்கிய நீர் வடிவதுமில்லை. நீர் கோத்துக்கொண்ட கொல்லையில் வாழையின் வேரும் கிழங்கும் அழுகிவிடும் என்பதால், கீழ்மடைக்காரர் ஓரிரு பருவம் நட்டப்பட்ட பின் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுகிறார். சாகுபடி விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் பதியும் கணக்காகிய அடங்கலிலும் அது தரிசு என்றே ஏறிவிடுகிறது. அடுத்த விண்ணப்பம் வரும்போது, அந்நிலத்தில் வேளாண்மை நடைபெறவில்லை என்பதற்கு அந்தப் பதிவே சான்றாகக் காட்டப்படுகிறது. முதல் அனுமதி உண்டாக்கிய தரிசு இரண்டாம் அனுமதிக்குக் காரணமாவதை எந்தக் கோப்பும் கணக்கில் கொள்வதில்லை.

பாசனத்தைப் போலவே வெள்ளமும் புல எண் பார்த்து வருவதில்லை. கல்லணைச் சாலையில் உத்தமர்சீலித் தரைப்பாலம் தாழ்வாகக் கட்டப்பட்டிருப்பதற்குக் காரணம், காவிரியில் நீர் மிகும்போது உபரிநீர் அதன் மேலேறிக் கொள்ளிடத்தில் சேர வேண்டும் என்பதே. மேட்டூரிலிருந்து மிகுநீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில் பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு ஆகிய ஊர்களின் வாழைத் தோட்டங்களில் வெள்ளம் புகுவதை அப்பகுதியினர் நன்கறிவர். 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போனது, இந்த ஆறுகளின் வேகத்தை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது என்பதற்குப் போதிய சான்று. வெள்ளம் பரவி வடிவதற்கென இயற்கையாக அமைந்த வயல்களில் வீடுகள் எழுந்தால், வெள்ள நிவாரணமும் கரை உயர்த்தும் பணியும் பொதுப்பணத்தின் தலையில்தான் விழும். மனை விற்றவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

டெல்டா விளைநிலங்களுக்குத்தான் தனிச் சட்டம் உள்ளதே என்று சிலர் கருதக்கூடும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் பற்றிய அறிவிப்பு வந்தபோது திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களின் டெல்டாப் பகுதிகளும் அதில் பேசப்பட்டன. அதே மாதம் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியபோது அம்மூன்றும் விடுபட்டுப்போயின. திருச்சி சேர்க்கப்பட்டிருந்தாலும் மனைப்பிரிவுகள் நின்றிருக்கமாட்டா. ஏனெனில் அச்சட்டம் தடுப்பவை எண்ணெய், எரிவாயு ஆய்வும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களுமே. வீட்டுமனை அவற்றுள் அடங்காது.

வீடு கட்ட நிலம் வேண்டும் என்பதும், கட்டுப்படியாகாத வேளாண்மையை விட்டு வெளியேற உழவர்க்கு உரிமை உண்டு என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் வாய்க்கால் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களுக்குத் திருச்சி மாவட்டத்தில் குறைவில்லை. குடியிருப்பை அத்திசையில் செலுத்துவதற்காகவே திட்டமிடல் என்ற துறை இருக்கிறது. மேலும், தம் நிலத்தை விற்பவரின் உரிமையைப் பேசும்போது, விற்க விரும்பாத கீழ்மடைக்காரரின் தண்ணீர் உரிமையும் அதே தராசில் வைக்கப்பட வேண்டும். அவரிடம் கருத்துக் கேட்கும் இடமாகக் கிராம சபை அமைந்திருந்தும், நிலப்பயன்பாட்டு விண்ணப்பங்கள் அங்கே வைக்கப்படுவதில்லை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றபோது, கேள்வி கேட்க ஊரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எவரும் இல்லாமலும் போயிற்று. இதற்கு மாறாக, கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், 2008, நெல்வயல்களின் பட்டியலைத் தொகுத்து அரசிதழில் வெளியிடச் செய்ததோடு, ஊராட்சித் தலைவரும் வேளாண் அலுவலரும் உழவர் பிரதிநிதிகளும் அடங்கிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவையும் ஏற்படுத்தியது. பிற்காலத் திருத்தங்கள் அதன் இறுக்கத்தைத் தளர்த்தியிருப்பினும், பக்கத்து வயல்காரரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற வாதத்துக்கு அச்சட்டமே மறுப்பு.

எனவே, மாவட்ட ஆட்சியரும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் நீர்வளத் துறையும் சேர்ந்து, ஸ்ரீரங்கம் தீவின் பாசன வாய்க்கால், வடிகால் ஒவ்வொன்றுக்கும் உட்பட்ட நிலங்களின் வரைபடத்தைப் புல எண்களுடன் தமிழில் வெளியிட வேண்டும். அது வெளியாகும்வரை தீவின் நன்செய்களில் நிலப்பயன்பாட்டு மாற்றம் எதற்கும் அனுமதி தரலாகாது. அதன் பின்னர் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டுக் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். அதே வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்களின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்தில் திருச்சியின் காவிரிப் பாசனப் பகுதிகளைச் சேர்த்து, நன்செய்யை மனையாக்குவதையும் அதன் தடைப் பட்டியலில் இடம்பெறச் செய்வது சட்டமன்றத்தின் கடமை. கிராவல் கொட்டிய வயலை மீண்டும் நன்செய்யாக்க எந்த அரசாணையாலும் இயலாது. ஆகவே அனுமதி தரும் கையெழுத்துக்கு முன்பே இவை அனைத்தும் நடந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.