பெரியேரியில் உட்கார்ந்திருப்பவர் யார்?

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்டையாம்பட்டியில் நாங்கள் சேலத்துக்காரர்களாகவே தங்கிவிட்டோம். பக்கத்து வெண்ணந்தூர்க்காரர்கள் பொழுது விடிந்தபோது நாமக்கல்காரர்கள். அதே ஆட்கள், அதே வீடுகள். யாரும் இதற்காக அலட்டிக்கொள்ளவில்லை.

சேலம் பெரியேரியில் இருக்கும் ஒரு கற்சிலைக்கு மட்டும் அது யார் என்ற விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தலைவெட்டி முனியப்பன் என்று ஜனங்கள் கும்பிட்டு வந்த சிலை அது. முனியப்பன் இல்லை, புத்தர் என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். தொல்லியல் துறை நேரில் போய்ப் பார்த்தது. தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், மடியில் தியான முத்திரையாகக் கைகள், சுருள் முடி, உச்சியில் உஷ்ணீஷம் என்ற புடைப்பு, தொங்கும் காது மடல். துண்டாகிக் கிடந்த தலையைப் பிற்பாடு யாரோ சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். 2022 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார்: இது புத்தர்தான், இடம் தொல்லியல் துறைக்கு, பலகை வைக்க வேண்டும், ஜனங்கள் வந்து பார்க்கலாம், பூஜை கூடாது.

தீர்ப்பில் எனக்கு மறுப்பில்லை. இந்த மண்ணில் பௌத்தம் இருந்தது என்பதையே மறந்துபோன நமக்கு அது தேவைதான். (ஆத்தூர்ப் பக்கம் தியாகனூருக்குப் போனால் புத்தரைப் புத்தராகவே கும்பிடுகிறார்கள்.) என்னை உறுத்துவது வேறு. உடம்பு நானல்ல, உணர்ச்சி நானல்ல, நினைப்பும் அறிவும்கூட நானல்ல என்று போதித்தவர் புத்தர். அவரை அடையாளம் காட்டியதோ காதும் முடியும் கையும்!

இந்த ‘நானல்ல’ என்பதை விளக்கத்தான் மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற பிக்கு, தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகத்தடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மடக்கினார். எங்கள் பக்கத்தில் அவர் லாரியைத்தான் கேட்டிருப்பார். வெறும் சேஸிஸாக நாமக்கல் பட்டறைக்கு வருகிறது. அங்கே பாடி கட்டுகிறார்கள். வருஷம் போகப் போக டயர், கேபின், இஞ்சின், கடைசியில் ஓனரும் மாறிவிடுகிறார். ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் இருக்கிறவரை அதே வண்டிதான். நாகசேனர் அந்த நம்பரும் வண்டியல்ல என்றிருப்பார். நீதிமன்றம் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு நம்பர் இல்லாமல் எந்த வழக்கும் நடக்காது.

பிள்ளை வரம் கேட்டு அந்தக் கல்லின் முன் நின்றவள் யாரைக் கும்பிட்டாள்? தொல்லியல் துறையின் அறிக்கை பார்த்தது கல்லை. அவள் பார்த்தது காவல் தெய்வத்தை. இரண்டும் பொய்யில்லை. எங்கள் பக்கம் முனியப்பன் என்றாலே கிடாவும் சுருட்டும். அகிம்சை பேசியவரின் சிலைக்கு முனியப்பன் என்று பெயர் விழுந்ததை முரண் என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அதுவும் அந்தச் சிலையின் வரலாறுதான். செதுக்கியவன் கையோடு ஒரு சிலையின் கதை முடிந்துவிடுமா என்ன?

பலகையில் புத்தர் என்று எழுதட்டும். தலை வெட்டப்பட்டதையும் எழுதட்டும். அதற்குக் கீழே, நெடுநாள் இவர் இங்கே முனியப்பனாகவும் இருந்தார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் மனுப் போடுவேன்.