முதுகுக்கு ஓட்டம், பிஞ்சுக் காலுக்குத் தாமதம்

சேலையூரில் உள்ள என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் எம்ஆர்ஐ கவரோடுதான் வருவார்கள். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு பைக்கில் போய் வருகிறவர்கள், ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்கள், லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்குகிற பெண்கள். வலி வந்த நாலாம் நாளே ஸ்கேன் எடுத்திருப்பார்கள். "மேடம், ஜவ்வு விலகிடுச்சாம்" என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும்.

ரிப்போர்ட்டில் இருப்பது பொய்யில்லை. ஆனால் வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் அதே வாசகம் வரலாம். முதுகுவலி இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை அலசிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015இல் வெளியானது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதுபோல அதுவும் வயதோடு வருகிறது. இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடினால் சீக்கிரம் தணியும்.

ஓட வேண்டிய நேரமும் உண்டு. சிறுநீர் பிரியாவிட்டால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் பலம் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலி என்றால் எலும்புக் காசநோயா என்று பார்த்தாக வேண்டும். 1928இல் காசநோய்க்கென்றே சானடோரியம் எழுந்த தாம்பரத்தில் இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்படி முதுகுக்காகப் பதறுகிற அதே வீட்டில், கைக்குழந்தையின் பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால், "எண்ணெய் தேய்ச்சு உருவிவிட்டா சரியாயிடும்" என்று நிம்மதியாக இருப்பார்கள். பாட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். கருப்பையில் மடங்கிக் கிடந்த பாதம் தானாக நேராவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கையால் நேராக்க முடியாதபடி இறுகியிருந்தால் அது வளைபாதம். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இருக்கும். எவ்வளவு உருவினாலும் போகாது.

அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி உருவாக்கிய முறைதான் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. பிறந்த சில வாரங்களில் தொடங்கி, வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டும் தேவைப்படும். அப்புறம் நடுவே கம்பி வைத்த ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. பல வீடுகள் தோற்பது இந்த ஷூவில்தான். 'கால்தான் நேராயிடுச்சே, பிள்ளை அழுவுதே' என்று கழற்றிவிடுவார்கள். பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும்.

பாதமாவது கண்ணுக்குத் தெரியும். இடுப்பு மூட்டு நழுவிய குழந்தை அழாது, சிரித்துக்கொண்டே இருக்கும். பெண் குழந்தைக்கும் தலைப்பிள்ளைக்கும், வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் இருந்த குழந்தைக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம். டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை சரியாக விரியாது. ஒரு கால் குட்டையாகத் தெரியலாம். முதல் மாதங்களில் பிடித்தால் வார்ப்பட்டை போதும். நொண்டி நடக்கும்போது பிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். குழந்தையின் இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றுவதை விட்டுவிடுங்கள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் நம் பழக்கம் நல்லது, கால் விரிந்திருக்கும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் வலி என்றால் யாரும் நம்புவதில்லை. 'ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறான்' என்பார்கள். விளையாடுகிற பிள்ளைக்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே வலியோடு புடைத்தால் பயமில்லை, வளர்ச்சி நிற்கும்போது அடங்கும். ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதில், கொஞ்சம் பருமனான பையன் முட்டி வலி என்று நொண்டினால் இடுப்பைப் பாருங்கள். தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பில் சறுக்கியிருக்கலாம், வலி மட்டும் முட்டியில் தெரியும். முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் சுத்தமாக இருக்கும். தைலம் தேய்த்துக் காத்திருந்தால் மூட்டே கெட்டுவிடும்.

வளைபாதமும் இடுப்பு நழுவலும் 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டப் பட்டியலில் இருக்கின்றன, சிகிச்சை இலவசம். கண்டுபிடித்து அனுப்பினால்தானே? புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றரை மாத ஊசிக்கு முன்னால் டயப்பரை அவிழ்த்து, இரண்டு தொடையையும் விரித்து, பாதத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். தடுப்பூசி அட்டையில் அதற்கொரு கட்டம் வேண்டும். வயிற்றில் திரும்பாமல் இருந்த குழந்தைக்கு அந்த வாரமே இடுப்பு அல்ட்ராசவுண்ட் எழுதிக்கொடுக்க வேண்டும். 2021இல் மாநகராட்சியான தாம்பரம் இதைத் தன் நகர்ப்புற சுகாதார நிலையங்களிலேயே தொடங்கலாம். புதுக் கட்டடமோ கருவியோ வேண்டாம். செவிலியர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்து ஆரம்பித்துவிடலாம்.