களப்புக்கு ஏற்ற இயந்திரம் எங்கே?

2022 ஆகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவு மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது இந்நாட்டின் சிறு படகுத் தொழிலாளர்கள் ஒரே இரவில் தமது தொழிலின் கணக்கை மாற்றி எழுத நேர்ந்தது. பல கரையோரக் கிராமங்களில் இயந்திரங்கள் கழற்றி வைக்கப்பட்டன. துடுப்பும் பாயும் மீண்டும் வெளியே வந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 2012 பெப்ரவரியில், எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகச் சிலாபத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதையும் மறந்துவிட முடியாது. பின்னர் விலை படிப்படியாகக் குறைக்கப்பட்ட போதிலும் பழைய 87 ரூபாவுக்கு அது திரும்பவில்லை.

இந்த நெருக்கடிகள் ஒவ்வொன்றின்போதும் எழுந்த கோரிக்கை மானியம் என்பதே. அக்கோரிக்கை நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், களப்பில் ஓடும் படகுக்குப் பூட்டப்பட்டுள்ள இயந்திரம் அந்த நீருக்கு உரியதுதானா என்ற கேள்வியை எந்தத் தரப்பும் உரிய முறையில் எழுப்பவில்லை. கோளாறான வாளிக்கு மேலும் நீர் வார்ப்பது போலவே இதுவரை மானியம் பற்றிய விவாதம் நடைபெற்று வந்திருக்கிறது.

யாழ்ப்பாணக் கடனீரேரியின் பெரும் பகுதி ஆழமற்றது. வற்றுக்காலத்தில் இடுப்பளவு நீரில் வள்ளம் செல்வதும், முழங்காலளவு நீரில் தொழிலாளி இறங்கித் தள்ளுவதும் அன்றாடக் காட்சிகளாகும். புத்தளம், மட்டக்களப்பு, மன்னார்க் கரையோரங்களிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. இந்நீரில் ஓடுவதோ திறந்த கடலுக்கென வடிவமைக்கப்பட்ட வெளியிணைப்பு இயந்திரங்கள். அவ்வியந்திரத்தின் காற்பகுதியிலுள்ள துளை வழியே நீர் உறிஞ்சப்பட்டு, இறப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லரினால் மேலே தள்ளப்பட்டு, சிலிண்டரைச் சுற்றி ஓடி வெப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. எட்டு மீற்றர் ஆழத்தில் இதைவிட எளிமையான, மலிவான குளிரூட்டல் முறை இல்லை என்றே சொல்லலாம். அரை மீற்றர் ஆழத்தில் கதை வேறு. புரொப்பெல்லர் கிளறிவிடும் சேறும் மணலும் அதே துளையால் உள்ளே செல்கின்றன. சாதாளை துளையை அடைக்கிறது; அண்மைக்காலத்தில் பொலித்தீன் பையும் அதனுடன் சேர்ந்துள்ளது. அடிதட்டாமல் இருக்க இயந்திரத்தை உயர்த்தினால் துளை நீருக்கு மேலே வந்துவிடுகிறது. நீரின்றிச் சுழலும் இறப்பர் இதழ்கள் மிகக் குறுகிய நேரத்திலேயே கருகிவிடும். அதன் பின்னர் எரிவது இயந்திரம்.

இதில் மண்ணெண்ணெய்க்கு உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் குளிரில் ஆவியாவதில்லை. ஆகவேதான் இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். இயந்திரம் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் எண்ணெய் முழுமையாக எரியாமல் புகையாகவும் கரியாகவும் போய்விடும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிஸ்டன் இறுகிவிடும். எனவே களப்பு இயந்திரத்துக்கு வேண்டியது வெறுமனே கூடுதலான குளிரூட்டல் அல்ல; கட்டுப்பாட்டிலுள்ள குளிரூட்டலாகும்.

தென்கிழக்காசிய நாடுகள் இச்சிக்கலை வேறு வழியில் அணுகின. தாய்லாந்தின் கால்வாய்களிலும் வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலும் ஓடும் நீள்வால் படகுகளைப் படங்களிலாவது வாசகர்கள் கண்டிருப்பர். சிறு காற்றுக் குளிரூட்டி இயந்திரமொன்றைப் படகின் பின்புறத்தில் சுழலும் தாங்கியொன்றில் இருத்தி, அதிலிருந்து நீண்ட தண்டொன்றைச் சாய்வாக நீட்டி, அதன் முனையில் புரொப்பெல்லரைப் பொருத்துகின்றனர். வேரோ கல்லோ தட்டுப்பட்டால் கைப்பிடியை அழுத்தித் தண்டைத் தூக்கிவிடலாம். நீரை உறிஞ்சும் துளையே இல்லாததால் சேறு ஒரு பொருட்டன்று. எமது தோட்டங்களில் கிணற்றடியில் நின்று நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு கிடையாது. மீகொங் கழிமுகத்தில் இவ்வுறவு மறுதிசையில் நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி. படகை ஓட்டிய சிறு இயந்திரத்தின் புரொப்பெல்லரைத் தகரக் குழாயொன்றுக்குள் வைத்து வயலுக்கு நீர் ஏற்றும் உத்தியை 1960களில் அங்குள்ள மக்களே கண்டறிந்தனர். அமெரிக்கப் பொருளியலாளர் றொபேர்ட் சான்சம் 1969இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

நீள்வால் இயந்திரத்தின் பெருங்குறை அதன் இரைச்சல். வெளியிணைப்பு இயந்திரத்தின் புகை பெரும்பாலும் நீருக்கடியில் வெளியேறுவதால் ஓசையின் ஒரு பகுதியை நீர் விழுங்கிவிடுகிறது. சிலிண்டரைச் சூழ்ந்துள்ள நீர்ச்சட்டையும் ஓசையை அடக்குகிறது. காற்றுக் குளிரூட்டி இயந்திரத்துக்கு இவ்விரண்டும் இல்லை. சைலன்சர் சிறியது, புகை தொழிலாளியின் காதுக்கு அருகிலேயே வெளியேறுகிறது, காற்றுவிசிறியின் ஓசையும் உலோகச் செதில்களின் அதிர்வும் அதனுடன் சேர்கின்றன. ஓசையைக் குறைக்க இயந்திரத்தைப் பெட்டியால் மூடினால் காற்றோட்டம் தடைப்பட்டு அது சூடேறுகிறது. சூட்டைக் குறைக்கப் பெட்டியைத் திறந்தால் ஓசை வெளியே வருகிறது. வடிவமைப்பாளன் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

எவ்வளவு வெப்பத்தை அகற்ற வேண்டும் என்பதைச் சிறிய கணக்கொன்றினால் விளங்கிக்கொள்ளலாம். 10 குதிரைவலு என்பது ஏறத்தாழ 7.5 கிலோவாற். சிறு பெற்றோல் இயந்திரம் எரிபொருளின் சக்தியில் சுமார் கால் பங்கையே தண்டுக்குக் கொடுக்கிறது. எஞ்சியதில் பெரும் பகுதி புகையுடன் போக, தண்டுக்குக் கிடைத்த அளவுக்கு ஏறத்தாழச் சமமான வெப்பத்தை இயந்திரத்தின் உடலிலிருந்து அகற்றியாக வேண்டும். நான்கைந்து மின்கேத்தல்கள் ஒருங்கே கொதிப்பதற்கு அது சமம். ஒரே கன அளவில் நீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தாங்கிச் செல்லக்கூடியது. காற்றை நம்பினால் பெருமளவு காற்றை வேகமாகத் தள்ள வேண்டும். வேகமான காற்று என்றாலே இரைச்சல்தான்.

ஆகவே நீரைக் கைவிடாமல், களப்பின் நீரை மட்டும் இயந்திரத்துக்குள் விடாமல் இருப்பதே தக்க வழி. இயந்திரத்துக்குள் நன்னீரும் குளிர்திரவமும் மூடிய சுற்றில் ஓட வேண்டும். அச்சுற்று படகின் அடிப்புறத்தில் பதிக்கப்பட்ட உலோகக் குழாயினூடாகவோ தகட்டினூடாகவோ சென்று வெப்பத்தைக் களப்பு நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பெரிய படகுகளில் இது நெடுங்காலமாகக் கையாளப்படும் முறையே. உள்ளே சேறு நுழைய வழியில்லை. வெப்பநிலைக் கட்டுப்பாட்டு அடைப்பான் ஒன்றைச் சேர்த்தால் மண்ணெண்ணெய்க்கு வேண்டிய சூட்டையும் நிலையாகப் பேணலாம். காற்றோட்டத் தேவை குறைந்துவிடுவதால் இயந்திரத்தை ஓசை உறிஞ்சும் மூடிக்குள் வைக்கவும் முடியும். பெரிய கொள்ளளவுடைய சைலன்சர், தாங்கிக்கும் படகுக்கும் இடையில் இறப்பர் அடிகள், பட்டியினால் வேகத்தைக் குறைத்து மெதுவாகச் சுழலவிடப்படும் அகன்ற புரொப்பெல்லர் ஆகியன எஞ்சிய ஓசையின் பெரும் பகுதியைக் குறைக்கும். எடை கூடும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆழமற்ற நீரில் ஒவ்வொரு கிலோவும் படகை மேலும் அமிழ்த்தும். அடிப்புறத் தகடும் பாசியும் கொட்டலசும் படிந்தால் வெப்பத்தைக் கடத்தாது. அதைச் சுரண்டித் துப்புரவாக்குவது தொழிலாளியின் வேலைப் பட்டியலில் மேலும் ஒன்றாகிவிடும்.

இரைச்சலைக் குறைப்பது வசதிக்கான செலவு என்று கருதுவோர் உளர். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் ஓசையில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகிறது. 94 டெசிபெல்லில் 1 மணித்தியாலம் மட்டுமே. மூடியில்லா இயந்திரத்தின் அருகே அமர்ந்து களப்பைக் கடந்து சென்று திரும்பும் ஒருவர் அந்த எல்லையை எளிதில் மீறிவிடுவார். காது மந்தமாவது மெதுவாக நிகழ்வதால் அது தொழில் விபத்தாகப் பதிவாவதில்லை; நட்டஈடும் இல்லை.

நீருக்கடியிலும் ஓசை உண்டு. மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தருகே நிலவு நாட்களில் துடுப்பை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் வழக்கத்தை அறியாதோர் இல்லை. பாடுவது மீனா சிப்பியா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இயந்திரம் ஓடும் வேளையில் அந்தத் துடுப்பில் காதை வைப்பவருக்கு இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது என்பது உறுதி. மீன்கள் ஓசையை உணர்வன. இயந்திர இரைச்சல் அவற்றின் நடத்தையை மாற்றுகிறது என்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. உல்லாசப் பயணிகளை ஏற்றி மாதுகங்கையில் ஓடும் படகுகளுக்கும் இது பொருந்தும்.

மின்மோட்டாருக்கு நேரடியாகத் தாவிவிடலாமே என்ற வாதமும் உண்டு. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பயணிகளை ஏற்றும் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 2017 ஜனவரி முதல் சேவையில் ஈடுபடுத்தப்பட்டது. ஓசையும் புகையும் இல்லாத அந்தப் படகு இந்தியாவுக்கே முன்மாதிரியாயிற்று. குறித்த துறைகளுக்கிடையே குறித்த நேரத்தில் ஓடும் பயணப் படகுக்கு இது மிகவும் ஏற்றது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றில் கலப்பு மின் உற்பத்தித் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட வேளையிலேயே குறிகட்டுவான் படகுச் சேவையையும் அதனுடன் இணைத்துச் சிந்தித்திருக்க வேண்டும். வலை விரித்த இடத்தில் இரவு முழுவதும் காத்திருந்து, காற்று மாறினால் வேறு கரைக்குச் செல்ல நேரும் சிறு தொழிலாளிக்கு மின்கலத்தின் விலை இன்னமும் எட்டாக்கனியே. மின்மோட்டாருக்கும் வெப்பம் பகைதான். அதன் நிரந்தரக் காந்தங்கள் அளவு மீறிச் சூடேறினால் காந்தத்தன்மையை இழந்துவிடும். உப்பீரமோ கட்டுப்பாட்டுச் சுற்றுக்களை அரித்துவிடும்.

இதையெல்லாம் இங்கே யார் செய்வது என்று கேட்பவர்கள் பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் முற்பகுதியில் சில துளி பெற்றோலை ஊதி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் ஓடவைத்த திருத்துநர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இன்று கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. நோர்வேயின் உதவியுடன் காரைநகரில் தோன்றிப் பின்னர் அரசுடைமையான சீநோர் படகு கட்டும் அனுபவத்தைக் கொண்டுள்ளது. நாரா நிறுவனம் 1981 முதல் இயங்கி வருகிறது. இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் கோரிக்கை கடற்றொழில் அமைச்சிடமிருந்தே வர வேண்டும். குதிரைவலுவையும் விலையையும் மட்டும் கேட்கும் கேள்விப்பத்திரத்துக்குப் பதிலாக, அரை மீற்றர் நீரில் தொடர்ந்து ஓடும்போது சிலிண்டரின் வெப்பநிலை எவ்வளவு, ஓட்டுநரின் காதருகே ஓசை எவ்வளவு, ஒரு கிலோமீற்றருக்குச் செலவாகும் எண்ணெய் எவ்வளவு என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இறக்குமதியாளர்களும் அப்போதுதான் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓர் ஆட்சேபம் மட்டும் கனமானது. இன்று எந்த இயந்திரமும் செல்ல முடியாத ஆழமற்ற பகுதிகளே மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் புகலிடம். சாதாளைப் படுக்கைகளுக்கு மேலால் நீள்வால் புரொப்பெல்லர் உழுதுசென்றால் அத்தழும்பு ஆறப் பல ஆண்டுகள் செல்லும். அங்கே இறங்கி நடந்து வலை வீசும், இயந்திரம் வாங்க வசதியற்ற குடும்பங்களின் பங்கும் பறிபோகும். சத்தமில்லாத இயந்திரம் இரவில் யாருக்கும் தெரியாமல் அங்கு செல்லவும் உதவும். ஆகையால் எந்தப் பகுதியில் எந்த வலு வரை அனுமதிப்பது என்பதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் முதலில் தமக்குள் பேசி எல்லைக்கம்பு நாட்டிக்கொள்ள வேண்டும். முதல் மாதிரி இயந்திரம் களப்பில் இறங்குவதற்கு முன்னரே அது நடைபெற வேண்டும். இயந்திரங்கள் நூற்றுக்கணக்கில் விற்பனையான பின்னர் எந்தச் சங்கத்தாலும் அந்தக் கம்பை நாட்ட இயலாது.