இரவில் சோதிக்காத கேமராவுக்கு எதற்குப் பணம்?



மிளகு காயும் மாதங்களில் களத்திலேயே படுத்துக் காவல் காப்பது எங்கள் கொல்லிமலையில் பழைய வழக்கம். 'அதான் முக்கு ரோட்டில் கேமரா இருக்கிறதே' என்று இப்போது பலர் வீட்டில் தூங்குகிறார்கள். மூட்டை காணாமல் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தால் கைகாட்டிப் பலகையும் வேலிக்கல்லும் துல்லியமாகத் தெரிகின்றன. வண்டி மட்டும் வெள்ளைத் தீற்றல். ஓட்டியவனுக்குத் தலை இருக்கிறது, முகம் இல்லை.

'8 மெகாபிக்சல் வாங்குங்கள்' என்கிறார் விற்பவர். கோளாறு அதில் இல்லை. வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா தானாகவே ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். நொடியில் 25-ல் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி அதற்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 500-ல் ஒரு பங்கு என்று நிறுத்தி வைத்தால் 2 சென்டிமீட்டர்தான். வண்டி எதிரே வரும்படி கேமராவைத் திருப்பினால் தீற்றல் இன்னும் குறையும். ஆனால் ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் படம் இருண்டுபோகும். விளக்கு கட்டாயம் வேண்டும். அதையும் கேமராவை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். கேமராவுக்குள்ளேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கு எங்கள் மூடுபனியில் பட்டுத் திரும்பிப் படத்தையே வெளுத்துவிடுகிறது. (சிலந்தி அதன்மேல் வலை கட்டுவது தனிக்கதை.)

இதெல்லாம் பொருத்துபவருக்குத் தெரியாததல்ல. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர் இருட்டுவதற்குள் இறங்கப் பார்க்கிறார். பட்டப்பகலில் திரையில் படம் வந்ததும் பில்லில் கையெழுத்தாகிவிடுகிறது. பொதுப்பணம் இப்படிப் போவதைத்தான் கேட்கிறேன்.

காவல் நிலையக் கேமராக்களுக்கு இரவிலும் படம்பிடிக்கும் வசதி வேண்டும், மின்சாரம் இல்லாத இடத்தில் சூரிய சக்தியிலாவது மின்சாரம் தர வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மலைச்சாலைக் கேமராவுக்கு அந்த அக்கறை ஏன் இல்லை?

இனி டெண்டரிலேயே எழுதட்டும்: இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு பைக்கை ஓடவிட்டு, நிறுத்திய காட்சியில் நம்பர் படிக்க முடிந்தால்தான் பில். அந்தப் படம் கோப்பில் இருக்க வேண்டும். ஏற்கெனவே தொங்கும் கேமராக்களுக்கு ஷட்டர் நேரத்தை மாற்றி, பக்கத்துக் கம்பத்தில் ஒரு எல்.இ.டி. விளக்கு போடட்டும். அடுத்த மிளகு அறுவடைக்குள் இதைச் செய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
குண்டனி நாடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.