பட்டியலில் இல்லாதவர்கள்



"டேய், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விடுதி அறையை எட்டிப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. காரணம், நாங்கள் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து பகடை உருட்டி அமெரிக்க பேஸ்பால் ஆடுகிறோம். ஆறு பேரில் ஒருவன்கூட பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை! ஆனாலும் இது வெட்டி வேலை இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தப் பாவனை ஆட்டம் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் ஹால் ரிச்மன் என்பவர் 1961-இல் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அவர் நிஜமாக ஆடிய கணக்கை வைத்துத் தயாரித்தது. மூன்று பகடை உருட்ட வேண்டும். ஒரு பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் அடிப்பவர் அட்டை, 4 முதல் 6 வரை விழுந்தால் எறிபவர் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று காட்டும். நாம் கணக்கில் படிக்கும் நிகழ்தகவுதான், வேறொன்றும் இல்லை.

விளையாட்டுத்தானே என்று நினைக்காதீர்கள். 1981-இல் அமெரிக்காவில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 14 அன்று கிளீவ்லாந்தில் நடக்க வேண்டிய ஆல்-ஸ்டார் ஆட்டம் நின்று போனது. அன்றைக்கு அந்த அரங்கத்திலேயே பகடையும் அட்டையும் வைத்து ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஆடினார்கள்! நிஜ ஆட்டம் ஆகஸ்ட் 9 அன்று நடந்தபோது 72,086 பேர் வந்து பார்த்தார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். இந்த ஆண்டு நாங்களும் ஒரு ஆல்-ஸ்டார் ஆட்டம் வைத்தோம். எல்லாக் காலத்து வீரர்களிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி இரண்டு அணி. அட்டைகளை நாங்களே எழுதினோம். "இத்தனை ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர் கிடையாது" என்று விதியும் போட்டுக்கொண்டோம். நியாயமான விதியாகத்தான் தெரிந்தது.

நான் ஜாஷ் கிப்ஸன் பெயரைச் சொன்னேன். "ஆட்டக் கணக்கு பத்தாதுடா, எடுக்க முடியாது" என்றான் நண்பன்.

ஏன் பத்தவில்லை? கிப்ஸன் கறுப்பர். அந்தக் காலத்தில் மேஜர் லீகில் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை. அவர்கள் 'நீக்ரோ லீக்' என்று தனியாக ஆடினார்கள். அங்கே லீக் ஆட்டங்கள் குறைவு, எழுதி வைத்த கணக்கும் அரைகுறை. 1933-இல் சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் ஜூலையில் வெள்ளையர்களின் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம், அதே மைதானத்தில் செப்டம்பரில் கறுப்பர்களின் ஆல்-ஸ்டார் ஆட்டம். மைதானம் ஒன்று, பட்டியல் இரண்டு! 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்ஸன் அந்தத் தடையை உடைத்தார். கிப்ஸன் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில், 35 வயதில் இறந்து போனார். 2024-இல்தான் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. உடனே .372 சராசரியோடு கிப்ஸன் முதலிடத்துக்கு வந்தார். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் எடுத்தது .367.

இதையெல்லாம் சொல்லி வாதாடினேன். "ஆட விடாதவனைப் பார்த்து, நீ ஏன் கம்மியா ஆடினேன்னு கேக்கலாமா?" என்றேன். ஓட்டுக்கு விட்டோம். நான்குக்கு இரண்டு. கிப்ஸன் உள்ளே வந்தார்.

தோழர்களே, நான் ஏன் இவ்வளவு சூடானேன் தெரியுமா? என் அப்பா கொத்தனார். சுவரைப் பார்த்தே இத்தனை செங்கல், இத்தனை மூட்டை சிமெண்ட் என்று வாயாலேயே சொல்லுவார். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரு மூட்டைகூடப் பிசகாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவர் பெயர் எந்த மார்க் லிஸ்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். நான் அவரைவிட அறிவாளி என்பதால் இல்லை. என்னை உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான்.

மார்க்கே வேண்டாம், கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகடை ஆட்டத்தில் சிபாரிசு செல்லாது, எண்தான் பேசும். அது எனக்குப் பிடிக்கும். ஆனால் எண் பேசுவதற்கு முன்னால், யாரை எண்ணவே இல்லை என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதைக் கேட்காத கணக்கு, கூட்டல் சரியாக இருந்தாலும் தப்புக் கணக்குத்தான்.

ஆட்டத்தில் கிப்ஸன் என்ன செய்தார் என்கிறீர்களா? நான்கு முறை மட்டை பிடித்தார், நான்கு முறையும் அவுட்! என் அணி தோற்றது. நண்பர்கள் ஓட்டித் தள்ளினார்கள். எனக்கு வருத்தமே இல்லை. அவுட் ஆவதற்கும் முதலில் மைதானத்துக்குள் இடம் வேண்டுமே!

நாளை நாம் சூப்பர்வைசராக, இன்ஜினீயராக ஆட்களைப் பொறுக்கும் இடத்துக்கு வருவோம். அன்றைக்குக் கையில் இருக்கும் பட்டியலை மட்டும் பார்க்காமல், அதில் இல்லாதவர்களையும் நினைத்துப் பார்ப்போமா?

சிந்திப்போம்!

— இரண்டாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு