மடியில் மறைத்த மருந்து



மூச்சு விடுவதற்கு எவரும் மனு எழுதிக் கொடுப்பதில்லை. காற்றுக்குக் கதவு இல்லை, காவல் இல்லை, கட்டணம் இல்லை. ஆண்டிக்கும் அரசனுக்கும் அது பொது என்று நாம் மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். ஆனால், மார்கழிப் பனியிலே, திண்ணையின் ஓரத்திலே, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றியபடி, படுக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல், விடியலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் போய் அதைச் சொல்ல உமக்கு நா எழுமா? சுற்றிலும் காற்று இருக்கிறது. அவர் நெஞ்சுக்கு மட்டும் அது எட்டவில்லை.

இழுப்பு என்பர் நம் ஊரார். இரைப்பு என்பாரும் உண்டு. மருத்துவர் ஆஸ்துமா என்பார். மூச்சுக்குழலைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. குழலின் உட்சுவர் வீங்குகிறது. சளி திரண்டு அடைக்கிறது. மூன்றும் சேர்ந்து வழியைக் குறுக்க, உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிறது. அந்தத் திணறலின் ஒலியைத்தான் அடுத்த அறையில் படுத்திருப்பவர்கள் சீழ்க்கையாகக் கேட்கிறார்கள்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. இருந்தும் ஏன் இந்தத் துயரம்? அதைப் பேசவே இந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டேன்.

மருந்தின் வரலாற்றிலே நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கும்பினி ஆட்சிக் காலத்தில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். இழுப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்நாட்டு வழக்கம் அவர் வழியாக ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவருக்குத் தெரிய வந்தது. அவர் அதனை 1802-இல் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். குப்பைமேட்டில் முளைக்கும் ஊமத்தை, கடல் கடந்து போய், சுருட்டாகவும் பொடியாகவும் மாறி, ஐரோப்பியக் கடைகளில் ஆஸ்துமா மருந்தாக விலை போயிற்று. இதைக் கேட்டுவிட்டு எவரும் ஊமத்தையைத் தேடிக் கிளம்பிவிடாதீர்! அது நஞ்சு, அளவு தப்பினால் ஆளையே கொல்லும். அந்த நஞ்சிலிருந்து நலத்தைப் பிரித்தெடுக்க ஆராய்ச்சி தேவைப்பட்டது. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கப்பட்ட இப்ராட்ரோபியம் 1970-களில் மருத்துவத்துக்கு வந்தது. இன்றும் மூச்சடைப்புக்கு அது கைகொடுக்கிறது. பழமையைப் பழித்தும் பயனில்லை, பழமையையே கட்டி அழுதும் பயனில்லை. அறிவால் அதைப் புடைத்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்த பெரும் மாற்றத்துக்கு வித்திட்டது ஒரு சிறுமியின் கேள்வி. அக்காலத்தில் மூச்சுவழி மருந்து எடுப்போர், ரப்பர்க் குமிழ் பொருத்திய கண்ணாடிக் கருவியை அழுத்தி அழுத்திப் பாடுபட்டனர். 1955-இல், அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகள், ஆஸ்துமாவால் அவதிப்பட்டவள், தந்தையைக் கேட்டாள்: கூந்தலுக்குத் தெளிக்கும் வாசனைத் திரவியத்தைக் குப்பியில் அடைத்துப் பீய்ச்சுகிறார்களே, என் மருந்தை அப்படித் தரக்கூடாதா என்று. 1956-இல் அளவிட்டுப் பீய்ச்சும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. வித்தகர்க்குத் தோன்றாதது வேதனைப்பட்டவளுக்குத் தோன்றியது!

1969-இல் சால்புட்டமால் வந்தது. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் நிவாரண மருந்து அது. 1972-இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தது. அது ஸ்டீராய்டு, வீக்கத்தை நாள்தோறும் சிறுகச் சிறுகத் தணிக்கும் தடுப்பு மருந்து. தோழரே, இந்த வேறுபாட்டை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளும். முன்னது தீயணைப்பு வண்டி. பின்னது, தீப்பற்றாமல் கூரையைக் காப்பது. வண்டி வந்து அணைத்துவிட்டுப் போகும். கூரை ஓலையாகவே இருந்தால் நாளையும் பற்றும், நாளை மறுநாளும் பற்றும். நிவாரணத்தை மட்டுமே நம்பினால் நோய் உள்ளே வளரும்; வெளியே தெரியாது. 1960-களில் இங்கிலாந்தில் இளவயது ஆஸ்துமா நோயாளிகளின் சாவு திடீரென ஏறியது. அன்றைய நிவாரண இன்ஹேலரை அளவுமீறி நம்பியதா காரணம் என்று மருத்துவ உலகமே கேட்டது. உலக அளவில் ஆஸ்துமாவுக்கு நெறிமுறை வகுக்கும் வல்லுநர் குழு, நிவாரண மருந்தை மட்டும் தனியே தரும் முறையைக் கைவிடும்படி 2019-இல் அறிவித்தது.

மருந்து இருக்கிறது, முறையும் தெரிந்திருக்கிறது. நிலைமை என்ன? 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டைப் பாரும். நம் நாட்டில் ஆஸ்துமாவுடன் வாழ்வோர் 3 கோடிக்கு மேல். உலகத் தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால், ஆஸ்துமாவால் உலகில் நேரும் சாவுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில்! நோயில் நம் பங்கு எட்டில் ஒன்று. சாவில் நம் பங்கு ஐந்தில் இரண்டு. காற்றா இந்தக் கணக்கை எழுதியது? கடவுளா எழுதினார்? இல்லை, தோழரே. இதை எழுதிய கைகள் இரண்டு. ஒன்று வெட்கம், மற்றொன்று விலை.

வெட்கத்தை முதலில் பார்ப்போம். ஒரு சிறு காட்சி. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

"பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?"

"ஒன்றும் இல்லைங்க. சளிகூடப் பிடித்ததில்லை."

கூடத்தில் தாய் இப்படிச் சொல்லும்போது, அடுக்களையில் மகள் தன் இன்ஹேலரை அரிசிப் பானைக்குள் புதைக்கிறாள். மணம் முடிகிறது. புகுந்த வீட்டில் அரிசிப் பானை வேறொருவர் பொறுப்பில். எங்கே புதைப்பாள்? எடுக்காமலே விடுகிறாள். ஒருநாள் இரவு மூச்சு முட்டுகிறது. அப்போதும், "அம்மா, என் பெட்டியில் மருந்து இருக்கிறது" என்று மாமியாரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு நடப்பதை நான் எழுத வேண்டுமா?

அடுத்தவரை மட்டும் இடித்துரைத்து நான் ஒதுங்கிக்கொள்வது அறமாகாது. எனக்கும் இழுப்பு உண்டு. பல ஆண்டுகள் அதை எவரிடமும் சொன்னதில்லை. ஒரு சிற்றூரில், மூடப்பழக்கங்களைச் சாடி ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டல் அடங்குமுன் மேடைக்குப் பின்னே போய், விளக்கில்லாத மூலை ஒன்றில் திரும்பி நின்று, மடியிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினேன். பின்னால் காலடி கேட்டது. கொடி கட்டி, விளக்குக் கட்டி, பகலெல்லாம் உழைத்திருந்த இளந்தோழர் ஒருவர். நான் கையை மறைத்தேன். அவர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, எனக்கும் இருக்கிறது. வீட்டுக்குக்கூடத் தெரியாது." தம் மடியை அவிழ்த்துக் காட்டினார். அதே மருந்து! ஊராருக்கெல்லாம் பகுத்தறிவு சொல்ல வந்தவனும், அதைக் கேட்க வந்தவனும், ஒரே மருந்தை ஒரே இருட்டில் ஒளித்து நின்றோம். அன்றைய கைதட்டல் எனக்கு இன்றும் கசக்கிறது.

"இன்ஹேலர் பழகினால் விடாதாம்" என்கிறார்கள். மூக்குக் கண்ணாடி அணிபவரைப் பார்த்துக் கண்ணாடிக்கு அடிமை என்று எவரேனும் சொன்னதுண்டா? "ஸ்டீராய்டு ஆயிற்றே" என்கிறார்கள். மூச்சுவழி செல்வது மைக்ரோகிராம் கணக்கு. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வாராது. இதற்கு அஞ்சுகிறவர்கள்தாம், ஆண்டுதோறும் ஜூன் திங்களில் ஐதராபாத்துக்குப் போய், மருந்துக் குழம்பு திணித்த உயிர்மீனை விழுங்க வரிசையில் நிற்கிறார்கள். நோயைத் தீர்த்ததாக அறிவியல் சான்று எதுவும் இல்லாத மீனை விழுங்க வெட்கமில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சோதித்தறிந்த மருந்தை வெளியே எடுக்க வெட்கமா?

இனி விலை. சால்புட்டமால் இன்ஹேலரின் ஒரு பீய்ச்சலில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம். இரண்டு பீய்ச்சலுக்கு 200. பெரிய மாத்திரைக்கு 4,000. இருபது மடங்கு! இன்ஹேலர் நேரே நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையோ வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, உடலெல்லாம் சுற்றிவிட்டு, தாமதமாக நுரையீரலுக்கு வருகிறது. வரும் வழியில் கையை நடுங்க வைக்கிறது, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. ஆயினும் ஏழை எதை வாங்குகிறான்? மாத்திரையை. சில நூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க அவனிடம் வழியில்லை; நாலு மாத்திரைக்குச் சில்லறை இருக்கிறது.

அந்தச் சில்லறையையும் விட்டார்களா? 2024 அக்டோபரில், ஒன்றிய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், எட்டு மருந்துகளின் பதினொரு வகைகளுக்கு உச்சவிலையை 50 விழுக்காடு உயர்த்திக்கொள்ள ஒப்புதல் அளித்தது. அந்தப் பட்டியலில் சால்புட்டமால் மாத்திரை இருந்தது. ஆவியாக்கி உறிஞ்சும் அதன் கரைசலும் இருந்தது. காரணம் சொன்னார்கள்: மூலப்பொருள் விலை ஏறிவிட்டதாம், விலையை உயர்த்தாவிட்டால் உற்பத்தி நின்றுவிடுமாம். இருக்கட்டும். தனியார் கைவிட்டால் அரசே காய்ச்சித் தரட்டும் என்றுதானே 1961-இல் பொதுத்துறையில் ஐ.டி.பி.எல். மருந்து நிறுவனத்தை அமைத்தார்கள்? அதை இழுத்து மூடுவதென்று 2016 டிசம்பரில் முடிவெடுத்தது யார்? கிணற்றைத் தூர்த்தவர்களே தண்ணீர் விலை ஏறிவிட்டதே என்று கைபிசைந்தால், அந்தக் கவலையை நாம் நம்ப வேண்டுமா?

நாம் கேட்பது பெரிதல்ல. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் அந்த முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. எவர் ஆட்சியில் வந்தது என்று பார்த்து நல்லதை மறுக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே சென்றன. சர்க்கரைக்குத் திறந்த கதவு மூச்சுக்கும் திறக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையம் எதிலும், நிவாரண இன்ஹேலரோடு தடுப்பு இன்ஹேலரும் இல்லை என்ற சொல் என்றைக்கும் எழக்கூடாது. மருந்தைக் கையில் கொடுப்பதோடு நில்லாமல், உறிஞ்சும் முறையைச் செய்துகாட்டிக் கற்பிக்க ஒருவர் இருக்க வேண்டும். முறை தவறினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

கேட்பது நம் கடமை. ஊரில் ஐந்து தோழர்கள் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பு இன்ஹேலர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஊருக்குச் சொல்லுங்கள்; இல்லையெனில் எங்களுக்கு எழுதுங்கள்.

இன்னும் வெட்கம் போகவில்லை என்பாருக்கு ஒருவரை நினைவூட்டுகிறேன். குழந்தைப் பருவத்திலிருந்தே ஆஸ்துமாவோடு வாழ்ந்தவர். தாமே ஒரு மருத்துவர். பெயர் சே குவேரா. 1967 ஆகஸ்டில், பொலிவியக் காட்டில் அவர் மறைத்து வைத்திருந்த குகைகளை அரசுப் படை கண்டுபிடித்தது. அங்கிருந்த ஆஸ்துமா மருந்தும் பறிபோயிற்று. மூச்சு திணறத் திணற நடந்தார். அவ்வாண்டு அக்டோபர் 9-இல் கொல்லப்பட்டார். துப்பாக்கிக்கு அஞ்சாத அந்த மனிதருக்கும் அந்த மருந்து வேண்டியிருந்தது. அவர் மருந்தைக் குகையில் வைத்தார். பகைவன் துரத்தினான், ஆகவே வைத்தார். நம்மைத் துரத்துவது யார், தோழரே? அண்டை வீட்டாரின் பார்வைதானே?

அடுத்த கூட்டத்தில் என் மருந்து மேடை மேசைமீது, தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் இருக்கும். உம்முடையதையும் மடியிலிருந்து எடுத்து வெளியே வையும்.