அடைத்த அறையும் திறக்கும் வேளையும்

நச்சுவாயு பரவுங்கால் வீட்டினுட் புகுந்து கதவடைத்திருத்தல் நலம் என்று அறிஞர் கூறுவர். அஃது உண்மையே. ஆயினும் அவ்வறிவுரையிற் பாதியே மக்கள் செவிக்கு எட்டுகின்றது என்பது நம் கருத்து. அடைக்கும் வேளையைப் போலவே திறக்கும் வேளையையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் போபால் நகரில், பூச்சிமருந்துத் தொழிற்சாலையொன்றினின்று மெதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு வெளிப்பட்டது. காற்றினுங் கனத்த அவ்வாயு நிலத்தையொட்டிப் பரந்தது. தெருவில் ஓடினோர் மூச்சிரைக்க அதனை மிகுதியும் உட்கொண்டனர். கதவடைத்து, நனைந்த துணியால் முகத்தை மூடியிருக்குமாறு உரிய வேளையில் எவரும் அவர்கட்குச் சொன்னாரில்லை. சொல்லியிருப்பின் பலர் பிழைத்திருத்தல் கூடும்.

எனினும், அடைத்த அறையில் நெடுநேரம் தங்குதலும் தகாது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 அடியாயுள்ள அறையொன்றைக் கருதுவோம். அதனுள் அடங்கும் காற்று 1,000 கன அடி. அதாவது ஏறக்குறைய 28,000 லிட்டர். வாளா அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றார். இடுக்கின்றி அடைத்த அவ்வறையிற் 10 பேர் இருப்பின், 4 மணி நேரத்திற்குப் பின் அவ்வாயு நூற்றுக்கு 3 பங்களவு சேர்ந்துவிடும். தலைவலியும் மூச்சுத் திணறலும் தோன்றும். பிராணவாயு தீர்வதற்கு நெடுநேரம் முன்னரே இத்துன்பம் வரும். அங்கே கரியடுப்பும் எரியுமாயின், மணமும் நிறமுமற்ற கார்பன் மானாக்சைடு உறங்குவோர் உயிரையே கவர்ந்துவிடும்.

“நம் வீடுகளில் இடுக்குகள் பல; மூச்சு முட்டுவதெங்ஙனம்?” என்று வினவுவார் உளர். அவ்விடுக்குகளின் வழியே நச்சும் சிறிது சிறிதாய் உட்புகுமன்றோ? வெளியே காற்றடித்து நச்சுப்புகை அகன்ற பின்னரும், உட்புகுந்தது உள்ளேயே தங்கும். அப்பொழுது தெருவினும் அறையே கேடுடையதாகும். கதவையுஞ் சாளரத்தையுந் திறந்து வெளியேற வேண்டிய வேளை அதுவே. ஆனால் உள்ளிருப்போர் அதனைத் தாமே அறிதல் அரிது. புறத்திருந்து ஒருவர் அறிவித்தல் வேண்டும்.

இது தொலைதூரச் செய்தியன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி இரவு, சென்னையை அடுத்த எண்ணூரில் அமோனியாக் குழாய் கசிந்தபொழுது, பெரியகுப்பம் முதலிய ஊரார் இருளில் வீடு துறந்து ஓடினர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. நச்சுப்பொருளைக் கையாளும் ஆலையார் அயலிலுள்ள மக்களுக்கு முன்னரே பயிற்சியளித்தல் வேண்டும். அபாயம் வந்துழி ‘அடையுங்கள்’ என்றும், அது நீங்கியவுடன் ‘திறவுங்கள்’ என்றும் அறிவித்தல் வேண்டும். முன்னதைச் செய்து பின்னதை விடுதல் கடமையிற் பாதியே. அரசினரும் இதனைக் கட்டாயமாக்குதல் முறை.

வாயுக்களின் இயல்பை ஆய்வுக்கூடத்திற் கற்கும் நம் மாணாக்கர் விடுமுறையில் தத்தம் ஊர் செல்லுங்கால், இவ்விரண்டையும் தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைப்பாராக.